தனியொருவர் செய்த கடிகாரம்

உங்கள் வீட்டில் சாவி கொடுத்து ஓட்டும் பழைய கைக்கடிகாரம் ஏதேனும் இருக்கிறதா? அப்பாவுடையதாக இருக்கலாம், தாத்தாவுடையதாக இருக்கலாம். பெட்டியின் அடியில் துணிக்குள் கிடக்கும் பழைய எச்.எம்.டி. கூடப் போதும். சாவி கொடுத்து, வீட்டில் அரவம் அடங்கிய பிறகு அதைக் காதருகே வைத்துக் கேளுங்கள். இத்தகைய பழைய கடிகாரங்களில் பெரும்பாலானவை வினாடிக்கு ஐந்து முறை 'டிக்' என்று ஒலிக்கும். மணிக்கு 18,000 முறை, நாளொன்றுக்கு 4,32,000 முறை. ஓராண்டில் 15 கோடியே 76 லட்சத்துக்கும் மேல்! ஒவ்வொரு ஒலியின்போதும் ஒரு சக்கரத்தின் பல் ஒரு சிறிய மாணிக்கக் கல்லின்மீது மோதி நிற்கிறது. பின் விடுபட்டு அடுத்த அடி வைக்கிறது.

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது என் மாமாவின் கைக்கடிகாரத்தைச் சவரப் பிளேடால் நெம்பித் திறந்தேன். உள்ளே முடியைவிட மெல்லிய சுருள் ஒன்று விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன், தொட்டேன். கடிகாரம் நின்றுவிட்டது. மறுநாள் மாமாவுடன் கடைத்தெருவுக்குப் போனபோது, கண்ணில் உருப்பெருக்கியைச் செருகியிருந்த கடைக்காரப் பெரியவரிடம், "தாத்தா, இதை யார் செய்தது?" என்று கேட்டேன். "இதை ஒரு ஆள் செய்ய முடியாது தம்பி, ஃபாக்டரிதான் செய்யும்" என்றார் அவர்.

அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அந்த உண்மைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன். ஜார்ஜ் டேனியல்ஸ் என்ற ஆங்கிலேயர் தனி ஆளாகத் தம் பட்டறையில் உட்கார்ந்து முழுக் கடிகாரங்களைச் செய்தார். இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மேதையின் வடிவமைப்பைப் பார்த்துத் தொடங்கிய அவருடைய வேலை, உலகமே இயந்திரக் கடிகாரத்தைக் கைவிட்டுக்கொண்டிருந்த வேளையில், அதே கடிகாரத்தின் இதயத்துக்கு ஒரு புதிய இயங்கு முறையைத் தந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முப்பத்து நான்கு தொழில்கள்

கடிகார முகப்பில் அச்சிட்டிருக்கும் பெயர் அதைச் செய்தவருடைய பெயர் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பழைய காலத்திலேயே அது உண்மையில்லை. லண்டனில் கிளார்க்கன்வெல் என்றொரு பகுதி உண்டு. அங்கே ஒரு தெருவில் பற்சக்கரம் வெட்டுபவர், அடுத்த தெருவில் முட்கள் செய்பவர், அதற்கடுத்த தெருவில் முகப்புக்கு எனாமல் பூசுபவர் என்று கடிகாரத் தொழில் பல வீடுகளில் பிரிந்து கிடந்தது. ஸ்விட்ஜர்லாந்தின் ஜூரா மலைக் கிராமங்களிலும் இதே ஏற்பாடுதான். குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கும்போது பண்ணை வீடுகளில் பாகங்கள் உருவாயின. அவற்றை எல்லாம் வாங்கிச் சேர்த்து விற்றவரின் பெயர் முகப்பில் ஏறியது.

இப்படி ஒரு கடிகாரம் உருவாவதற்கு 34 தனித்தனிக் கைத்தொழில்கள் வேண்டும் என்பது ஒரு கணக்கு. அவற்றில் 32 தொழில்களை டேனியல்ஸ் ஒருவரே கற்றுத் தேர்ந்தார். மெயின்ஸ்பிரிங், கண்ணாடி போன்ற வெகுசில பொருள்களை மட்டும் வெளியே வாங்கினார். மற்றவை யாவும் தகடாகவும் கம்பியாகவும் அவருடைய மேசைக்கு வந்து கடிகாரமாக வெளியே சென்றன.

அவர் செல்வர் வீட்டுப் பிள்ளை அல்லர். 1926ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சண்டர்லாந்து நகரில் பிறந்தார். லண்டனில் வறுமையில் வளர்ந்தார். ஐந்து வயதில் ஒரு மலிவான கைக்கடிகாரத்தின் உட்புறத்தைப் பார்த்தபோதே தம் வாழ்க்கை இதுதான் என்று தோன்றிவிட்டதாகப் பிற்காலத்தில் சொல்வார். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு மெத்தை செய்யும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு ராணுவம். அங்கே உடனிருந்த வீரர்களின் கடிகாரங்களைப் பழுதுபார்த்தார். 1947இல் ராணுவத்திலிருந்து வெளிவந்தபோது கிடைத்த பணத்தில் கடிகாரக் கருவிகள் வாங்கினார். பகலில் பழுதுபார்க்கும் வேலை. மாலையில் கிளார்க்கன்வெல்லின் நார்தாம்ப்டன் கல்வி நிலையத்தில் வகுப்பு. 1960இல் சொந்தக் கடை.

அவருக்குப் பழைய மோட்டார் கார்களின் மீதும் பித்து. அந்தப் பித்தின் வழியாகவே செசில் கிளட்டன் என்பவரின் நட்பு கிடைத்தது. கிளட்டன் பழங்காலக் கடிகாரங்களில் ஆழ்ந்த அறிவுடையவர். இருவரும் சேர்ந்து எழுதிய கடிகார நூல் 1965இல் வெளிவந்தது. பிரெகே என்ற பெயர் டேனியல்ஸின் வாழ்க்கையை ஆட்கொண்டதும் இந்தக் காலத்தில்தான்.

பிரெகே என்ற மேதை

ஆப்ரகாம்-லூயி பிரெகே 1747இல் ஸ்விட்ஜர்லாந்தின் நோஷாட்டெல் நகரில் பிறந்து, பாரிசில் தொழில் நடத்தி, 1823இல் மறைந்தவர். அரசர்களும் தளபதிகளும் அவருடைய வாடிக்கைக்காரர்கள். பிரெஞ்சு அரசி மரீ ஆன்டாய்னெட்டுக்காக 1783இல் ஒரு கடிகாரத்துக்கு ஆணை வந்தது. வேலை முடிந்தது 1827இல். அதற்குள் அரசியின் தலையும் போயிருந்தது. பிரெகேயும் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன!

பிரெகேயின் கடிகாரத்தைப் பார்த்தால், வேறு யாருடையதும் அல்ல என்று தொலைவிலிருந்தே சொல்லிவிடலாம். அவருக்கு முந்தைய கடிகாரங்களில் கொடியும் பூவும் தேவதைகளும் நிறைந்திருக்கும். அவர் அதையெல்லாம் துடைத்து எறிந்தார். மெல்லிய நீல எஃகு முட்கள். முனைக்குச் சற்று முன்னால் பிறைபோன்ற ஒரு துளை. வெள்ளி அல்லது தங்க முகப்பில் நெல்மணி அளவுகூட இல்லாத நுண்ணிய வரிக்கோலங்கள். அந்தக் கோலங்கள் வெறும் அலங்காரமல்ல. ஒளி முகத்தில் அடிக்காமல் தடுப்பதோடு, மணி எண்கள் இருக்கும் வளையத்தையும் நடுப்பகுதியையும் கண் பிரித்தறிய அவை உதவின. தேவையில்லாத ஒன்றை வைக்காமையே அவருடைய அழகு. இன்றைக்கும் விலையுயர்ந்த கடிகாரம் என்றாலே நம் மனத்தில் தோன்றும் முகம் பெரும்பாலும் அவர் வரைந்ததுதான்.

ஆனால் டேனியல்ஸைக் கட்டிப்போட்டது முகத்தைவிட உட்புறம். பிரெகே 1801இல் காப்புரிமை பெற்ற 'டூர்பில்லன்' என்ற அமைப்பைப் பாருங்கள். அக்காலத்தில் கடிகாரம் மணிக்கட்டில் அல்ல, சட்டைப் பையில் இருந்தது. அதாவது நாள் முழுவதும் செங்குத்தாக நின்றது. உள்ளே அலைவுறும் பாலன்ஸ் சக்கரத்தின் ஈர்ப்பு மையம் அச்சிலிருந்து மயிரிழை விலகியிருந்தாலும், புவியீர்ப்பு அதை ஒரு நிலையில் முந்தச் செய்யும். தலைகீழ் நிலையில் பிந்தச் செய்யும். விலகலை அடியோடு நீக்குவது கடினம். பிரெகே என்ன செய்தார்? பாலன்ஸ் சக்கரம் முதலிய உறுப்புகளை ஒரு சிறு கூண்டில் ஏற்றி, அந்தக் கூண்டையே நிமிடத்துக்கு ஒரு முறை சுழலவிட்டார். முந்தலும் பிந்தலும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டன. கல்லூரி ஆய்வகத்தில் டேஞ்சண்ட் கால்வனாமீட்டரை வைத்துக்கொண்டு, மின்னோட்டத்தின் திசையை மாற்றி மாற்றி அளவெடுத்துச் சராசரி காண்கிறோமே, அதே தந்திரம். பிழையை ஒழிக்க முடியாவிட்டால் அதை இருபுறமும் சமமாகப் பகிர்ந்துவிடு!

பட்டறையில்

1969ஆம் ஆண்டு டேனியல்ஸ் தம் முதல் கடிகாரத்தை முடித்தார். அது ஒரு பைக்கடிகாரம். பிரெகேயின் எளிமை, பிரெகேயின் டூர்பில்லன். ஆனால் நகல் அல்ல; முகப்பின் அமைப்பும் உள்ளமைப்பும் அவருடைய சொந்த வரைபடம். வாங்கியவர் நண்பர் கிளட்டன்.

ஒரு மனிதர் கடிகாரத்தைச் 'செய்கிறார்' என்றால் என்ன பொருள்? சற்று நின்று பார்ப்போம். முகப்பின் வரிக்கோலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றைப் போட 'ரோஸ் எஞ்சின்' என்ற பழைய கடைசல் பொறி வேண்டும். சாதாரண கடைசலில் வேலைப்பொருள் ஒரே மையத்தில் சுழலும். இதில் அலையலையாக விளிம்பு வெட்டிய தட்டு ஒன்று பொருளை ஆட்டிக்கொண்டே சுழற்றும். உளி நிலையாக நிற்கும். ஆட்டத்தின் வடிவம் அப்படியே தங்கத்தில் பதியும். ஒரு கை பொறியைச் சுற்ற, மறு கை உளியின் அழுத்தத்தைக் காக்க வேண்டும். அழுத்தம் ஓரிடத்தில் கூடினால், அந்த இடத்தில் வெளிச்சம் வேறு மாதிரி விழும்; தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியதுதான். டேனியல்ஸ் இத்தகைய பழம்பொறிகளைத் தேடிப் பிடித்துத் தம் பட்டறையில் நிறுவினார்.

அடுத்து எஃகு. ஒரு சிறு அச்சைக் கடைந்த பிறகு, அதைச் செந்நிறம் வரும்வரை காய்ச்சி எண்ணெயில் தோய்க்கிறார்கள். எஃகு கண்ணாடியைப்போலக் கடினமாகும். ஆனால் கண்ணாடியைப்போலவே உடையும். ஆகவே மீண்டும் மெதுவாகச் சூடேற்றி அந்த முறுக்கைத் தணிக்க வேண்டும். சுமார் 230 பாகை செல்சியசில் பளபளப்பான எஃகின்மேல் வைக்கோல் நிறம் படரும். பிறகு பழுப்பு, ஊதா. 300 பாகையை நெருங்கும்போது மயில் கழுத்தின் நீலம். அந்தக் கணத்தில் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் நிறம் வெளுத்துவிடும். பிரெகே முட்களின் நீலம் இப்படி வந்ததே. அது சாயமல்ல. எஃகின்மேல் படியும் ஆக்சைடுப் படலத்தின் தடிப்பு ஒளியின் அலைநீளத்தைவிடக் குறைவு. மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டு மீளும் கதிர்கள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் அந்த நிறம் தோன்றுகிறது. மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெய் வண்ணம் காட்டுவதும் இதே விதியால்தான். வெப்பமானி இல்லாத காலத்துப் பட்டறையில் நிறமே வெப்பமானி.

இப்படி ஒவ்வொரு பாகமாக. அச்சின் முனைகளில் சில ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிப்பே உள்ளவை. அவற்றைக் கடைந்து, கடினமாக்கி, மெருகும் ஏற்ற வேண்டும். ஒரு கடிகாரம் முடிய ஏறத்தாழ ஓராண்டு உழைப்பு ஆகும். பிற்காலத்தில் உதவியாளருடன் செய்த கைக்கடிகாரத் தொடர்களைத் தவிர்த்தால், வாழ்நாள் முழுவதும் அவர் செய்தவை முப்பதுக்கும் குறைவே.

எண்ணெய் என்னும் எதிரி

டேனியல்ஸ் முதல் கடிகாரத்தை முடித்த அதே 1969இல், டிசம்பர் 25ஆம் நாள், ஜப்பானின் சீகோ நிறுவனம் டோக்கியோவில் 'அஸ்ட்ரான்' என்ற கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. அதில் பாலன்ஸ் சக்கரம் இல்லை. வினாடிக்கு 8,192 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் இருந்தது. விலை 4,50,000 யென். ஒரு காரே வாங்கிவிடலாம். ஆனால் பிழை மாதத்துக்கு 5 வினாடிதான்.

இது எவ்வளவு பெரிய பாய்ச்சல்? ஒரு நாளில் 86,400 வினாடிகள். நல்ல இயந்திரக் கடிகாரம் ஒன்று நாளைக்குப் பத்து வினாடி பிழை காட்டினால், அது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். (ஆய்வகத்தில் ஊசலை வைத்து ஒரு விழுக்காட்டுப் பிழைக்குள் விடை கொண்டுவரும் மாணவரை நான் பாராட்டுகிறேன். அதே ஒரு விழுக்காட்டுப் பிழை ஒரு கடிகாரத்தில் இருந்தால், அது நாளைக்கு 14 நிமிடங்களுக்கு மேல் தவறும், தெருவில் எறிந்துவிடுவோம்.) குவார்ட்சோ பத்து வினாடி தவற இரண்டு மாதம் எடுத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் விலையும் விழுந்தது. 1970இல் ஸ்விஸ் கடிகாரத் தொழிலில் இருந்தவர்கள் சுமார் 90,000 பேர். 1980களின் பிற்பகுதியில் அந்த எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த பட்டறைக் கருவிகள் பழைய இரும்பு விலைக்குப் போயின.

இந்த வெள்ளத்தில் கையால் கடிகாரம் செய்யும் ஒருவர் என்ன செய்ய முடியும்? பழம்பொருள் பிரியர்களுக்கு அழகுப் பொருள்கள் செய்து பிழைத்திருக்கலாம். டேனியல்ஸ் வேறு கேள்வியைக் கேட்டார். இயந்திரக் கடிகாரத்தின் உண்மையான குறை எது?

பாலன்ஸ் சக்கரமும் ஹேர்ஸ்பிரிங்கும் சேர்ந்தது, பி.எஸ்ஸி. வகுப்பில் நீங்கள் செய்யும் முறுக்கு ஊசலின் உறவினர். சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறனும் சுருள்வில்லின் விறைப்பும் அலைவு நேரத்தை முடிவு செய்கின்றன. அதைச் சும்மா விட்டால் ஒழுங்காக ஆடும். ஆனால் உராய்வால் ஆட்டம் ஓய்ந்துவிடும் அல்லவா? ஆகவே ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு சிறு தள்ளு தர வேண்டும். அதே சமயம் ஆட்டங்களை எண்ணவும் வேண்டும். இந்த இரண்டையும் செய்யும் அமைப்புக்கு 'எஸ்கேப்மெண்ட்' என்று பெயர். 'டிக்' என்ற ஒலி அங்கிருந்துதான் பிறக்கிறது.

நம் வீட்டுக் கடிகாரங்களில் இருப்பது லீவர் எஸ்கேப்மெண்ட். 1755ஆம் ஆண்டு வாக்கில் லண்டனைச் சேர்ந்த தாமஸ் மட்ஜ் கண்டுபிடித்தது. இதில் சக்கரத்தின் பல், நெம்புகோலின் கல்லில் உள்ள சரிவான பரப்பின்மேல் வழுக்கிச் சென்று அதைத் தள்ளுகிறது. மரத்தில் ஆப்பு அடிப்பதைப் போன்ற செயல் இது. ஆப்பு பக்கவாட்டில் தள்ளும். ஆனால் தேய்த்துக்கொண்டே தள்ளும். தேய்வைக் குறைக்க எண்ணெய் இட வேண்டும். எண்ணெய் புதிதாக இருக்கும்வரை குறையில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அது தடிக்கிறது, உலர்கிறது, ஓரங்களுக்கு ஓடிவிடுகிறது. தள்ளின் வலு மாறுகிறது, ஆட்டத்தின் வீச்சு குறைகிறது, நேரமும் மாறுகிறது. குறையற்ற எண்ணெய் கிடைத்தால் குறையற்ற கடிகாரம் தருகிறேன் என்று பிரெகே சொன்னதாக ஒரு வழக்கு உண்டு.

பிரெகே எண்ணெயின்றியே பார்த்தார். ஒன்றோடொன்று இணைந்த இரண்டு சக்கரங்கள் பாலன்சை நேராகவே இரு திசையிலும் தள்ளும் 'இயற்கை எஸ்கேப்மெண்ட்' ஒன்றை அமைத்தார். ஆனால் ஒரு சக்கரம் மற்றொன்றைப் பல்லால் ஓட்டியதால், பற்களுக்கிடையே உள்ள இடைவெளியில் இரண்டாம் சக்கரம் தடுமாறியது. சில கடிகாரங்களோடு அந்த முயற்சி நின்றுவிட்டது.

அந்தத் தோல்வியை டேனியல்ஸ் கையில் எடுத்தார். சேத் ஆட்வுட் என்ற அமெரிக்கத் தொழிலதிபர், காலம் காட்டும் கலையில் உண்மையான ஒரு முன்னேற்றம் இருக்க வேண்டும் என்று கேட்டு, அவரிடம் ஒரு கடிகாரத்துக்கு ஆணை தந்திருந்தார். 1970களின் நடுவில் டேனியல்ஸ் தந்த விடை இது: இரு சக்கரங்களையும் இணைக்கவே வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் தனித் தனி மெயின்ஸ்பிரிங், தனித் தனிப் பற்சக்கர வரிசை. தடுமாற்றம் நீங்கியது. பிற்பாடு இதே அமைப்பில் 1982இல் 'ஸ்பேஸ் டிராவலர்' என்ற கடிகாரத்தைச் செய்தபோது, ஒரு வரிசையைச் சூரிய நேரத்துக்கும் மற்றதை விண்மீன் நேரத்துக்கும் வைத்தார். விண்மீன் நாள் நம் நாளைவிடச் சுமார் நான்கு நிமிடம் குறைவு. இரண்டும் ஒரே முகப்பில் ஓடின. மனிதன் நிலவில் இறங்கியதைப் போற்றிச் செய்த அந்தக் கடிகாரம், 2017இல் லண்டன் ஏலத்தில் சுமார் 32 லட்சம் பவுண்டுக்கு விலைபோயிற்று.

ஆனால் இரு மெயின்ஸ்பிரிங் கைக்கடிகாரத்துக்குள் எங்கே அடங்கும்? அதை அடக்கியதே டேனியல்ஸின் முதன்மையான சாதனை என்று நான் கருதுகிறேன். இரண்டு சக்கரங்களையும் ஒரே அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினார். அச்சு ஒன்றே ஆகையால் 'கோ-ஆக்சியல்' என்று பெயர். பாலன்ஸ் ஒரு திசையில் ஆடும்போது பெரிய சக்கரத்தின் பல் நேராகப் பாலன்சில் உள்ள கல்லைத் தள்ளும். திரும்பி வரும்போது சிறிய சக்கரத்தின் பல் நெம்புகோலைத் தள்ளும்; நெம்புகோல் பாலன்சைத் தள்ளும். நெம்புகோலிலுள்ள வேறு இரு கற்கள் இடைப்பட்ட வேளையில் பெரிய சக்கரத்தைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும்.

ஊஞ்சலில் குழந்தை ஆடுகிறது. பின்னால் நின்று, அது செல்லும் திசையிலேயே கையால் தள்ளுகிறீர்கள். கை பலகையின்மேல் தேய்வதில்லை, பட்டு விலகுகிறது. கோ-ஆக்சியல் தரும் தள்ளு இத்தகையது. தள்ளும் பரப்பில் வழுக்கல் மிகமிகக் குறைவு. எண்ணெயின் வயதுக்கும் கடிகாரத்தின் நேரத்துக்கும் இருந்த கட்டு தளர்ந்தது. 1980இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

இருபது ஆண்டுக் காத்திருப்பு

வடிவமைப்பைத் தூக்கிக்கொண்டு டேனியல்ஸ் ஸ்விட்ஜர்லாந்துக்குப் போனார். வரைபடத்தை மட்டும் நீட்டவில்லை. ஸ்விஸ் கைக்கடிகாரங்களையே வாங்கி, அவற்றின் எஸ்கேப்மெண்டைக் கழற்றிவிட்டுத் தம்முடையதைப் பொருத்தி, ஓடுகிற நிலையிலேயே அவர்கள் முன் வைத்தார். புகழ்பெற்ற கம்பெனிகள் பார்த்தன, வியந்தன, கைகுலுக்கி அனுப்பிவைத்தன.

அவர்களைக் குறைசொல்லவும் எனக்கு முழு மனம் இல்லை. லீவர் அமைப்பு இருநூறு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான பொறிகள் எல்லாம் ஆலையில் நின்றன. குவார்ட்ஸ் அடித்த அடியில் அடுத்த மாதச் சம்பளமே கேள்வியாக இருந்த நேரம். ஒரு மனிதர் ஓராண்டு உழைத்து ஒன்று செய்துவிடலாம்; அதையே ஆயிரக்கணக்கில் செய்வதற்கு மயிரிழையின் பங்குகளில் பிழை பார்க்க வேண்டும். ஆனாலும், கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, "இது ஓடாது" என்பதைப் போன்ற பதிலைக் கேட்டுத் திரும்பிய அந்த மனிதரின் நிலையை எண்ணினால் மனம் கனக்கிறது. இதற்கிடையில் 1982இல் அவர் லண்டனை விட்டு, ஐரிஷ் கடலிலுள்ள மான் தீவுக்குக் குடிபெயர்ந்திருந்தார்.

இறுதியில் ஒமேகா நிறுவனம் இசைந்தது. 1999இல் கோ-ஆக்சியல் பொருத்திய ஒமேகா கைக்கடிகாரம் வெளிவந்தது. டேனியல்ஸுக்கு அப்போது 73 வயதை ஒட்டி. தொடக்கத்தில் அது வினாடிக்கு எட்டு முறை ஒலித்தது. இந்த அமைப்புக்கு அந்த வேகம் ஒத்துவரவில்லை என்று கண்டு பின்னர் ஏழாகக் குறைத்தனர். எண்ணெயையும் ஆலையில் அறவே விட்டுவிடவில்லை. சிறு அளவில் இடுகிறார்கள். பட்டறைக் கருத்து ஆலைக்குள் நுழையும்போது இப்படிச் சில விட்டுக்கொடுத்தல்கள் நேர்வது இயல்பே.

மீண்டும் முதலிலிருந்து

டேனியல்ஸ் தாம் கற்ற அனைத்தையும் பூட்டி வைக்கவில்லை. 1981இல் 'வாட்ச்மேக்கிங்' என்ற நூலை வெளியிட்டார். கருவியைப் பிடிப்பது முதல் டூர்பில்லன் கூண்டு வெட்டுவதுவரை படங்களுடன் எழுதினார். பழைய காலத்தில் தந்தை மகனுக்கு மட்டும் காட்டிய தொழில் நுணுக்கங்கள் புத்தகக் கடையில் கிடைத்தன. எந்த ஆலையிலும் சேராமல் வீட்டிலிருந்தே கடிகாரம் செய்ய முனைந்தவர்களுக்கு அதுவே குருவாயிற்று.

அப்படிப்பட்டவர்களில் ஒருவர் ரோஜர் ஸ்மித். 1970இல் பிறந்தவர், இங்கிலாந்தின் போல்ட்டன் ஊர்க்காரர். படிப்பில் நாட்டமில்லாத பையனைத் தந்தை மான்செஸ்டரில் கடிகாரப் பயிற்சிக்கு அனுப்பினார். அங்கே ஒருநாள் டேனியல்ஸ் வந்தார். தாம் செய்த கடிகாரத்தைக் காட்டினார். அன்றிலிருந்து பையனுக்கு வேறு நினைப்பில்லை. டேனியல்ஸின் நூலைத் துணையாக வைத்துக்கொண்டு, ஒன்றரை ஆண்டு உழைத்து ஒரு டூர்பில்லன் பைக்கடிகாரம் செய்தார். அதை எடுத்துக்கொண்டு மான் தீவுக்குப் போனார்.

டேனியல்ஸ் வாங்கிப் பார்த்தார். கையால் செய்ததுபோல் தெரிகிறது என்றார். அது பாராட்டு அல்ல! நல்ல வேலையில் கையின் சுவடு தெரியக் கூடாது. பொருள் தானாகவே தோன்றியதுபோல் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. திரும்பிப் போய் மீண்டும் முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்.

இருபது வயதைக் கடந்த ஓர் இளைஞர் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு என்ன செய்திருப்பார்? ஸ்மித் திரும்பிப் போனார், மீண்டும் தொடங்கினார். இம்முறை டூர்பில்லனோடு, மாதங்களின் நாள் கணக்கையும் லீப் ஆண்டையும் தானே அறிந்துகொள்ளும் நிரந்தர நாட்காட்டியும் சேர்ந்தது. ஒரு பாகம் முடிந்து அடுத்ததைச் செய்யும்போது கை தேறிவிடும்; தேறிய கண்ணுக்கு முந்தைய பாகம் குறையுள்ளதாகத் தெரியும்; அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் செய்வார். இப்படி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சென்றன. 1997இல் இரண்டாம் கடிகாரத்துடன் மீண்டும் மான் தீவு.

டேனியல்ஸ் நெடுநேரம் பார்த்தார். இந்த எஸ்கேப்மெண்ட் யார் செய்தது, இந்தக் கூண்டு யார் செய்தது, மேலுறை யார் செய்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே விடைதான்: நான் செய்தேன். இனி நீ கடிகாரம் செய்பவன்தான் என்று சொல்லி அவர் வாழ்த்தினார். மறு ஆண்டே ஸ்மித்தைத் தம்முடன் சேர்த்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து கோ-ஆக்சியல் அமைப்புள்ள கைக்கடிகாரத் தொடர் ஒன்றைச் செய்தனர்.

2011 அக்டோபரில் டேனியல்ஸ் மறைந்தார். ஸ்மித் அதே தீவில் தம் பட்டறையை நடத்திவருகிறார். கோ-ஆக்சியலில் அவர் கண்ட குறை ஒன்று உண்டு. இரு சக்கரங்களையும் தனித்தனியே வெட்டி ஒரே அச்சில் ஏற்றும்போது, மேல் சக்கரத்தின் பல்லுக்கும் கீழ்ச் சக்கரத்தின் பல்லுக்கும் இடையிலான கோணத்தில் நுண்ணிய பிழை புகுந்துவிடும். பிரெகேயைத் தடுமாற வைத்த பழைய சிக்கலின் மிச்சம் போலும் அது. 2010ஆம் ஆண்டளவில் ஸ்மித் அந்த இரு சக்கரங்களையும் ஒரே துண்டு உலோகத்தில் மேலும் கீழுமாக வெட்டி எடுத்தார்.